1500 மீற்றர் 4:58. இதை வைச்சு அமெரிக்கன் கம்பஸில ஓடக் கேட்கலாமோ?

கேட்டது: கடற்கரை ரோட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் வடமராட்சி. உயர்தரம் (ஏ/எல்) முதலாம் வருசம், உயிரியல் பிரிவு. ஓடுறது 1500உம் 3000உம். 800க்கும் பேர் குடுப்பினம், ஆனா கடைசி 200 மீற்றரில மற்றவையின்ர முதுகைத்தான் பாத்துக்கொண்டு வருவன்.

விசயம் என்னெண்டால், போன கிழமை ஸ்காபரோவில இருக்கிற சித்தப்பா கோல் எடுத்தவர். "உவள் உப்பிடி ஓடுறாள் எண்டால் அமெரிக்காவில கம்பஸ் முழுக்க ஃப்ரீயாப் படிக்கலாமே, ஏன் உங்க கிடந்து கெமிஸ்ரியோட மாயிறாள்" எண்டு அப்பாட்டைச் சொல்லிப்போட்டார். அண்டையில இருந்து வீட்டில ஒரே கதை. அப்பா ஓம் எண்டுறார். அம்மா "முதல் ஏ/எல் எடுக்கட்டும், வெயிலுக்க ஓடி ஓடிக் கறுத்ததுதான் மிச்சம்" எண்டுறா. அம்மம்மாவுக்கு அமெரிக்கா எண்டது கனடாவுக்குப் பக்கத்து ஒழுங்கை.

என்ர கணக்கைச் சொல்லுறன். போன வருசம் மாகாண மட்டத்தில, புல் மைதானத்தில, 1500 மீற்றர் 4:58, ரண்டாமிடம். கைக்கடிகாரம் பிடிச்சு எடுத்த நேரம். 3000 மீற்றர் 10:49. பேந்து தேசிய மட்டத்துக்குக் கொழும்பு சுகததாச விளையாட்டரங்குக்குப் போனம். நான் வாழ்க்கையில முதல் தரம் சிவப்புச் செயற்கைத் தளத்தில காலை வைச்சது அண்டைக்குத்தான். அது என்னவோ காலைத் தூக்கித் தூக்கி விடுற மாதிரி இருந்துது, சந்தோசத்தில முதல் சுத்தை 72 செக்கனில போட்டன். பிறகென்ன, மூண்டாம் சுத்தில முள்ளுச் சப்பாத்துக்குள்ள கால் ஈயமாப் போச்சு. சப்பாத்தும் என்ர இல்லை, ஒரு அக்காவிட்ட இரவல், அரை சைஸ் பெரிசு. 5:03. மெசின் எடுத்த நேரம் எண்டு என்னட்டை இருக்கிறது அது ஒண்டுதான்.

பயிற்சி விடிய அஞ்சேகாலுக்கு, பருத்தித்துறையில இருந்து வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்கரை ரோட்டால. அப்பா பின்னால சைக்கிளில டோச் லைற்றோட வருவார், கையில நாய்க்கு ஒரு பூவரசந்தடி. தொண்டைமானாறு வரைக்கும் போற நாளில சந்நிதி முருகனுக்கு ரோட்டில நிண்டபடி ஒரு கும்பிடு. பின்னேரம் ஓடேலாது, ரெண்டரையில இருந்து ஆறரை மட்டும் நெல்லியடியில ரியூசன். பள்ளிக்கூட கிரவுண்டு 200 மீற்றர் சுத்து, 1500க்கு ஏழரைச் சுத்து ஓடோணும். இந்த முறை இல்ல விளையாட்டுப் போட்டியில சுத்து எண்ணினவைக்கே கணக்குத் தவறி மணியை ஒரு சுத்து முந்தி அடிச்சுப்போட்டினம். நானும் உயிரைக் குடுத்து ஓடி முடிச்சு நிலத்தில விழுந்தால், "இன்னும் ஒண்டு இருக்கு, எழும்பு" எண்டு கத்தினம்!

எனக்குத் தெரியவேண்டியது, சித்தப்பா சொல்லுற மாதிரி இந்த நேரத்துக்கு ஆரும் காசு தந்து எடுப்பினமோ? எடுப்பினம் எண்டால் ஏ/எல் முடிய முதலே எழுதோணுமோ, முடிச்ச பிறகோ? மற்றது, ரண்டு மூண்டு மாசமா முந்தி மாதிரி இல்லை, லேசான ஓட்டத்துக்கே மூச்சு வாங்குது, வகுப்பில நித்திரை தூங்கி விழுறன். பயிற்சி கூடிப்போச்சோ?

நக்கலடிக்கிற ஆக்கள் அடியுங்கோ, ஆனா பதிலையும் எழுதிப்போட்டு அடியுங்கோ.

பதில்: விசில் மாஸ்ரர்

பிள்ளை, நான் முப்பது வருசம் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஓடவிட்டு இப்ப பென்சனில இருக்கிறவன். நக்கலடிக்க மாட்டன். ஆனா அந்த முதல் சுத்துக்கு உன்னைக் கொஞ்சம் பேசோணும்.

72 செக்கன் எண்டது நாலரை நிமிசத்தில 1500 முடிக்கிற பிள்ளை போற வேகம். நீ 4:58 ஓடினபோது சுத்துக்கு உன்ர சராசரி எழுபத்தொன்பதரை. ஏழரைச் செக்கனைக் கடன் வாங்கி முதல் சுத்திலயே செலவழிச்சனி, மூண்டாம் சுத்தில வட்டியோட கட்டினனி. அதுக்கும் தளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த 5:03க்குள்ள 4:52, 4:53 ஒளிச்சிருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். அடுத்த முறை முதல் சுத்து 78க்குக் கீழ போகக்கூடாது எண்டு உள்ளங்கையில பேனையால எழுதிக்கொண்டு போ. என்ர பிள்ளையளுக்கு நானே எழுதி விடுறனான்.

கைக்கடிகார நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதை. 100 மீற்றருக்குத்தான் அந்தக் கால் செக்கன் பெரிய பாவம். 1500க்கு அது தூசு. ஆனா வெளிநாட்டுப் பயிற்றுநருக்கு உன்னைத் தெரியாது, அந்த மாகாணப் போட்டி நடத்தினவையையும் தெரியாது. அவர் நம்புறது பேர், இடம், நேரத்தோட வெளியான பெறுபேறு. அதாலை மெசின் நேரம் எடுக்கிற போட்டியளுக்குப் போ. சேர் ஜோன் டாபர்ட் ஒண்டு, அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா ஒண்டு. வருசத்தில உனக்குக் கிடைக்கிறது ரண்டோ மூண்டோ தரம்தான்.

சித்தப்பாவின்ர கதை புதுசில்லை. யாழ். மத்திய கல்லூரியில உயரம் பாய்ஞ்ச நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனவர், பேந்து லொஸ் ஏஞ்சலிஸில கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டே அவைக்காகப் பாய்ஞ்சவர். 1958இல ரோக்கியோ ஆசிய விளையாட்டில தங்கம், ஆசிய விளையாட்டில இலங்கைக்குக் கிடைச்ச முதல் தங்கம் அது. நான் சொல்லவாறது பெருமைக்கில்லை. அவர் போகேக்குள்ளயே ஒலிம்பிக் பாத்த ஆள். கடிதம் எழுத அவருக்கு ஒரு இலக்கம் கையில இருந்துது. உனக்கு அந்த இலக்கம் இன்னும் வரேல்லை, வந்துகொண்டிருக்கு.

கொழும்புப் பள்ளிக்கூடம் எண்டால்தான் ஏலும் எண்டு ஆரும் சொன்னால் கேளாதை. தருஷி கருணாரத்ன ஹாங்சோ ஆசிய விளையாட்டில 800 மீற்றரை 2:03.20இல ஓடித் தங்கம் எடுத்தது கண்டி மாவட்டத்தில வலல எண்ட கிராமத்துப் பள்ளிக்கூடத்தில இருந்து போய். 2023இல. அவளுக்கு மலை இருந்துது, உனக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில மேடு எண்டால் பாலமும் வீட்டுப் படியும்தான். ஆனா உனக்குப் பக்கத்தில மணற்காட்டு மணல் திட்டி கிடக்கு. கிழமையில ஒரு நாள் அதில எட்டுத்தரம் ஏறி ஓடி, இறங்கேக்குள்ள நடந்து வா. பிறகு முள்ளுச் சப்பாத்தை இரவல் வாங்காதை. ஓடுற பிள்ளைக்குச் சப்பாத்து, பாடுற பிள்ளைக்குத் தொண்டை மாதிரி.

பதில்: பனிக்குள்ள ஓடினவள்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம் ரவுண். 2014இல இருந்து 2018 மட்டும் அமெரிக்காவில, மத்திய மேற்கில ஒரு சின்னக் கல்லூரிக்காக ஓடினனான். போகேக்குள்ள என்ர 1500 நேரம் 4:55. உன்ர கேள்வியைப் பாக்க எனக்கு என்ர பழைய கடிதங்களை வாசிச்ச மாதிரி இருக்கு. நீளமா எழுதப்போறன், தேத்தண்ணி ஒண்டு போட்டுக்கொண்டு வா.

முதல் சித்தப்பாவுக்கு. "ஓடினால் முழுக்க ஃப்ரீ" எண்டது பாதிப் பொய். அங்க என்.சி.ஏ.ஏ. எண்ட அமைப்புக்குக் கீழ மூண்டு பிரிவு. முதலாம் பிரிவு பெரிய பல்கலைக்கழகங்கள், ரண்டாம் பிரிவு நடுத்தரம், மூண்டாம் பிரிவு சின்னக் கல்லூரியள். முதல் ரண்டிலும் விளையாட்டுக்கெண்டு காசு குடுக்கலாம், மூண்டாம் பிரிவில விளையாட்டுக்கெண்டு ஒரு சதமும் குடுக்கேலாது. சட்டமே அப்பிடி. ஹாவர்ட், யேல் இருக்கிற ஐவி லீக் முதலாம் பிரிவுதான், ஆனா அவையும் விளையாட்டுப் புலமைப்பரிசில் குடுக்கிறேல்லை. என்.சி.ஏ.ஏ.க்கு வெளியில என்.ஏ.ஐ.ஏ. எண்டு வேறொரு கூட்டம் இருக்கு, சின்னச் சின்னக் கல்லூரியள், அவை காசு குடுப்பினம், வெளிநாட்டுப் பிள்ளையளையும் எடுப்பினம்.

குடுக்கிற இடத்திலயும் எல்லாருக்கும் முழுசா இல்லை. என்ர காலத்தில முதலாம் பிரிவுப் பெண்கள் அணியொண்டு மொத்தமாப் பதினெட்டு முழுப் புலமைப்பரிசில்தான் குடுக்கலாம். அதை ஓடுறவள், பாயிறவள், குண்டெறியிறவள் எண்டு ஒரு அணி முழுக்கப் பங்கு போடுவினம். 2025இல அந்தக் கணக்கை மாத்தி, எத்தினை பேரை அணியில வைச்சிருக்கலாம் எண்டு உச்சவரம்பு போட்டிருக்கினம். எப்பிடிப் பாத்தாலும் நல்லா ஓடுற ஒருத்திக்குக்கூடக் கால்வாசி, அரைவாசி எண்டுதான் கிடைக்கும். அந்தக் காசுக்கு நீ போட்டி போடுறது ஒஹையோப் பெட்டையோட மட்டுமில்லை, கென்யாவில இருந்து வாறவளோடயும்தான். நான் கண்ட அளவில முதலாம் பிரிவில காசோட வந்த 1500காரியள் நாலரை நிமிசத்துக்குக் கீழ. 4:58க்கு அவை பதில் எழுதவே மாட்டினம். மனம் நோகாதை. 4:45க்கு வந்தால் ரண்டாம் பிரிவிலயும் என்.ஏ.ஐ.ஏ.யிலயும் கதைக்கத் தொடங்குவினம். உன்ர இப்பத்தைய நேரத்துக்கு மூண்டாம் பிரிவு அணியளில தாராளமா இடம் இருக்கு.

மூண்டாம் பிரிவில காசில்லையே எண்டு கேட்பாய். நான் போனது அதுக்குத்தான். ஓட்டத்துக்குக் காசில்லை, படிப்புக்கும் குடும்ப நிலைமைக்கும் கல்லூரியே தரும். அந்தக் கல்லூரியின்ர விலைப்பட்டியலில வருசத்துக்கு ஐம்பதாயிரம் டொலர் எண்டு கிடந்துது, அப்பாவுக்கு அதைக் காட்டினவுடன எழும்பி வெளியில போட்டார். அதில பெரும்பங்கைக் கல்லூரி தள்ளிவிட்டுது. மிச்சத்தைச் சுவிஸில இருக்கிற அண்ணா கட்டினார். நானும் மாணவர் விசாவில கம்பஸுக்குள்ள கிழமைக்கு இருபது மணித்தியாலம் மட்டும் வேலை செய்யலாம் எண்டதால சாப்பாட்டுக்கூடத்தில கோப்பை கழுவினனான். இதில ஓட்டத்தின்ர வேலை என்ன எண்டால், பயிற்றுநர் உன்னை விரும்பினால் அனுமதி பாக்கிற ஆக்களிட்டை "இந்தப் பிள்ளை எனக்கு வேணும்" எண்டு சொல்லுவார். கதவைத் திறக்கிறது ஓட்டம், உள்ளுக்கு விடுறது ஓ/எல் (சாதாரண தரம்), ஏ/எல் பெறுபேறு. அதாலை கெமிஸ்ரியோட மாயிறதை விட்டிடாதை, உங்கட அம்மா சொல்லுறதில நியாயம் இருக்கு.

நான் நாற்பத்தி மூண்டு பயிற்றுநர்மாருக்கு மின்னஞ்சல் போட்டனான். முப்பத்தொண்டு பேர் பதிலே இல்லை, ஒன்பது பேர் "நன்றி, வாழ்த்துகள்", மூண்டு பேர் உண்மையாக் கதைச்சவை. தலைப்பிலயே எல்லாத்தையும் போடு: பேர், நாடு, 1500 இவ்வளவு, எந்த வருசம் படிப்பு முடியுது. உள்ளுக்கு அஞ்சு வரிக்கு மேல வேண்டாம். பெறுபேறு வெளியான இணைப்பு, முழு ஓட்டமும் தெரியிற ஒரு வீடியோ, ஓ/எல் பெறுபேறு. கடைசி நூறு மீற்றரை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்டு அனுப்பாதை, நான் முதல் பத்துப் பேருக்கு அப்பிடித்தான் அனுப்பினனான், வெக்கக்கேடு. அங்கத்தைப் பள்ளிக்கூடங்களில கனவிடத்தில 1500 இல்லை, 1600தான் ஓடுறவை. உன்ர 4:58 அதில 5:20 அளவில வரும். நீ மாத்தி எழுதாதை, ஓடினதை ஓடினபடி எழுது. கல்லூரியில வெளிமைதானத்தில 1500தான், அவைக்கு விளங்கும்.

இனி முக்கியமானது. எங்கட பிள்ளையள் விழுற கிடங்கு இதுதான். முதலாம் பிரிவில ஓட நினைக்கிறவை பள்ளிப் படிப்பு முடிச்சு ஒரு வருசத்துக்குள்ள கல்லூரிக்குப் போயிடோணும். அதுக்குப் பிறகும் இஞ்ச இருந்து போட்டியளில ஓடிக்கொண்டிருந்தால், அங்க ஓடக் கிடைக்கிற வருசங்களில கை வைப்பினம். நான் விண்ணப்பிக்கேக்குள்ள இருந்த விதி அது. இஞ்ச ஏ/எல் எழுதி, பெறுபேற்றுக்கு மாசக்கணக்காக் காத்திருந்து, காணாது எண்டு ரண்டாந்தரம் எழுதி, மூண்டாந்தரமும் எழுதி, இடையில மாவட்டத்துக்கும் ஓடி... கணக்குப் பார். என்னோட ஓடின ஒரு பிள்ளைக்கு 4:41 இருந்துது, என்னைவிட எவ்வளவோ மேல. மருத்துவம் கிடைக்கோணும் எண்டு மூண்டு தரம் எழுதினாள். பிறகு விண்ணப்பிச்சபோது அவளுக்கு மிஞ்சினது மிச்சம் சொச்சம். அதாலை இப்பவே ஆர் ஓடலாம் எண்டு தீர்மானிக்கிற என்.சி.ஏ.ஏ. தகுதி நிலையத்தில கணக்கைத் திற. "என்னுடைய படிப்பு முடிவாக நீங்கள் எடுப்பது ஓ/எல்லா, ஏ/எல்லா" எண்டு எழுத்தில கேள், பதிலையும் எழுத்தில வாங்கு. ஏ/எல் முடிய எழுதலாம் எண்டு இருக்காதை. அங்கத்தைப் பயிற்றுநர்மார் ஒரு வருசம் முந்தியே அணியை நிரப்பத் தொடங்கியிடுவினம்.

காசு கேட்கிற முகவர் ஆரும் வந்தால் நாயைக் கலைக்கிற அந்தப் பூவரசந்தடியைப் பாவி. எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்டு மூண்டு லட்சம் குடுத்தது. அந்த ஆள் செய்தது, நான் சும்மா செய்த அதே மின்னஞ்சல் வேலை. அதுவும் பிள்ளையின்ர பேரில எழுத்துப்பிழையோட.

ஓட்டத்தைப் பற்றி ஒண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுறன். இலையுதிர் காலத்தில கிறொஸ் கன்றி, பெண்களுக்கு 6 கிலோமீற்றர், புல்லும் சேறும் ஏத்தமும் இறக்கமும். தட்டையான ஊரில பிறந்த எனக்கு முதல் போட்டியில முதல் மேட்டிலயே அழுகை வந்திட்டுது. நூற்றி எண்பது பேரில நான் நூற்றி அறுபதுக்குப் பின்னால. தை மாசம் வெளியில முழங்கால் மட்டும் பனி, ஓட்டம் கட்டடத்துக்குள்ள. உள்ள போய்ப் பாத்தால் 200 மீற்றர் சுத்து! அமெரிக்கப் பிள்ளையள் வளைவு கூடிப்போச்சு, தலை சுத்துது எண்டு முறைப்பாடு. நான் ஆறாம் வகுப்பில இருந்து ஏழரைச் சுத்து ஓடினவள், எனக்கென்ன. அந்த மாரி முடிய 1500ஐ 4:46இல ஓடினன். உன்ர பள்ளிக்கூட கிரவுண்டைக் குறை சொல்லாதை.

பதில்: ஆய்வுகூட அக்கா

எல்லாரும் அமெரிக்காவுக்குப் போயிட்டியள், பிள்ளை கடைசியாக் கேட்டதை ஒருத்தரும் பாக்கேல்லை. லேசான ஓட்டத்துக்கே மூச்சு வாங்குது, வகுப்பில நித்திரை. நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில வேலை செய்யிறனான், உங்கட வயதுப் பிள்ளையளின்ர றிப்போட் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்.

தங்கச்சி, நாளைக்கே போய் இரத்தம் குடுங்கோ. ஹீமோகுளோபினோட நிக்காமல் ஃபெரிட்டினையும் பாக்கச் சொல்லுங்கோ, அது உடம்பில இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில கிடக்கு எண்டு காட்டும். பெண்பிள்ளையளுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனால்தான் இரத்தச்சோகை எண்டு எழுதுவினம். ஆனா நெடுந்தூரம் ஓடுற பிள்ளைக்கு 12.3 இருந்தும் சேமிப்பு வெறும் பானையா இருக்கலாம். அப்ப டொக்ரர் "நோமல்" எண்டு அனுப்பிவிடுவார், பிள்ளை பயிற்சி காணாதெண்டு இன்னும் ஓடும். மாத்திரையை மட்டும் நீங்களாக் கடையில வாங்கிப் போடாதேங்கோ. தலசீமியா எண்ட பரம்பரை இரத்தநோய் இருக்கிற ஆக்களுக்கும் இரத்தம் குறைவாத்தான் காட்டும், அவைக்குக் காரணமில்லாமல் இரும்பு குடுக்கக்கூடாது.

சாப்பாடு: விடிய ஓடிப்போட்டு வந்து புட்டோட பிளேன் ரீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அந்த ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளுங்கோ. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில சேர விடாது. முருங்கையிலை வறைக்கு மேல தேசிக்காய் பிழிஞ்சால் அதே இலையில இருந்து கூட எடுக்கலாம். மீன், இறைச்சியில இருக்கிற இரும்பு இலையை விட இலேசாச் சேரும். வடமராட்சியில இருந்துகொண்டு மீனுக்குப் பஞ்சம் சொல்லாதேங்கோ. வெள்ளி, செவ்வாய் மரக்கறி எண்டால் மற்ற அஞ்சு நாளும் வடிவாச் சாப்பிடுங்கோ.

இன்னொண்டு. மாதவிடாய் ரண்டு மூண்டு மாசம் வராமல் விட்டிருந்தால் "ஓடுறபடியால்தான், நல்லதுதானே" எண்டு இருக்கவேண்டாம். ஓடுற அளவுக்குச் சாப்பாடு காணாட்டி உடம்பு முதல் நிப்பாட்டுறது அதைத்தான், பிறகு எலும்பு மெலிஞ்சு காலில வெடிப்பு வரும். பதிலை இஞ்ச எழுதவேண்டாம். அம்மாட்டைச் சொல்லுங்கோ, ஒரு பெண் டொக்ரரிட்டைப் போங்கோ.

பதில்: திருநெல்வேலிப் பெடியன்

ஆரும் யாழ். கம்பஸைப் பற்றிச் சொல்லமாட்டியளோ? நானும் 5000 மீற்றர் ஓடுறவன், ரண்டாம் வருசம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி இஞ்சயும் இருக்கு, மூண்டு வருசத்துக்கு ஒருக்கா எல்லாக் கம்பஸும் சேர்ந்து பெரிய விளையாட்டு விழா. காசு கிடையாது, சாப்பாட்டுப் பாசல் கிடைக்கும். பஸ்ஸில பேராதனை போய் ஓடிப்போட்டு, வரேக்குள்ள இரவிரவாப் பாட்டு.

ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர அனுமதிக் கைநூலில, படிப்பல்லாத துறையளில சிறந்து விளங்கினவைக்கெண்டு ஒரு விசேட அனுமதி இருக்கு. ஏ/எல்லில குறைஞ்ச தகைமை இருந்து, இசட் புள்ளி (கம்பஸுக்கு ஆக்களை எடுக்கப் பாக்கிற ஏ/எல் புள்ளி) காணாமல் போனவை தேசிய மட்டச் சான்றிதழோட அதுக்கு விண்ணப்பிக்கலாம். அதுக்கு மாகாண ரண்டாமிடம் காணாது, தேசிய மட்டத்தில விளங்கியிருக்கோணும். சான்றிதழ் ஒண்டையும் துலைக்காதை, என்ர ரண்டு சான்றிதழ் கறையான் திண்டது. சப்ரகமுவவிலயும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலயும் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கு, உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு அது ஒண்டும் அந்நியமில்லை.

நாட்டில நல்லா ஓடுற ஆக்கள் கனபேர் கடைசியில சேருறது படையளின்ர அணியில, சம்பளமும் பயிற்றுநரும் அங்கதான் எண்டபடியால். எங்கட வீடுகளில அந்தக் கதையை எடுத்தால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே. அதாலைதான் எங்கட பக்கத்துப் பெட்டையள் பத்தொன்பது வயதோட சப்பாத்தைக் கழட்டுறவை. போறதெண்டால் அமெரிக்காவுக்கே போ, நான் தடுக்கேல்லை.

பதில்: விசில் மாஸ்ரர்

பெடியன் சொன்னதில பிழையில்லை. தெல்லிப்பழை மகாஜனாவில இருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பிச்ச பிள்ளை. சப்பாத்தைக் கழட்டாதவையும் இருக்கினம் எண்டதுக்குச் சொன்னன்.

ஆய்வுகூடப் பிள்ளைக்கு நன்றி. என்ர காலத்தில இது ஒண்டும் எங்களுக்குத் தெரியாது. களைக்குது எண்ட பிள்ளையளை "பஞ்சி பிடிச்சதுகள்" எண்டு பேசி இன்னும் ரண்டு சுத்து ஓடவிட்டனான். இப்ப நினைக்க நித்திரை வராது.

பதில்: கடற்கரை ரோட்டுக்காரி

பத்து நாள் கழிச்சு வாறன், மன்னியுங்கோ. கெமிஸ்ரி ரெஸ்ற்.

ஆய்வுகூட அக்கா, இரத்தம் குடுத்தன். ஹீமோகுளோபின் 11.4. ஃபெரிட்டின் ஒற்றை இலக்கம். டொக்ரர் வேறொரு பரிசோதனையும் செய்து தலசீமியா இல்லை எண்டு பாத்துப்போட்டு மாத்திரை தந்திருக்கிறா, ஆறு கிழமைக்கு மெல்ல மட்டும் ஓடச் சொன்னவா. மற்ற விசயமும் அம்மாட்டைச் சொன்னன். அம்மா ஒண்டும் பேசேல்லை. அடுத்த நாள் விடிய நான் எழும்பேக்குள்ள குசினியில ரண்டு முட்டை அவிச்சு வைச்சிருந்தா. அப்பாவுக்கு இப்ப சைக்கிளில எனக்குப் பின்னால வாறது சுகமாக்கிடக்காம், என்ர வேகத்துக்கு ஏத்தபடி நாயளும் கலைக்கிறேல்லையாம்.

பனிக்குள்ள ஓடின அக்கா, உங்கட பதிலை அச்செடுத்துச் சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினம். "கோப்பை கழுவோணுமோ" எண்டு கேட்டார். தான் கனடா போய் ஏழு வருசம் கழுவினதை மறந்துபோனார். தகுதி நிலையத்தில கணக்குத் திறந்திட்டன், அந்த ஓ/எல் ஏ/எல் கேள்வியை நீங்கள் சொன்னமாதிரி எழுத்தில கேட்டிருக்கிறன். 4:50க்குக் கீழ மெசின் நேரம் ஒண்டு வரும் மட்டும் பயிற்றுநர்மாருக்கு எழுதிறேல்லை எண்டு நினைச்சிருக்கிறன், அது பிழையெண்டால் சொல்லுங்கோ.

சேர், மணற்காட்டுக்கு இன்னும் போகேல்லை, ஆறு கிழமை முடியட்டும். 78ஐ உள்ளங்கையில எழுதிப் பாத்தன், வேர்வையில அழிஞ்சுபோச்சு. மருதாணியால போடலாமோ எண்டு யோசிக்கிறன்.

கடைசியா ஒரு உதவி. அப்பா முள்ளுச் சப்பாத்து வாங்கக் காசு சேர்த்திட்டார். 38 சைஸ், நடுத்தூரம் ஓடுறது, புல்லுக்கு 9 மில்லிமீற்றர் ஆணியும் சிவப்புத் தளத்துக்கு 6 மில்லிமீற்றர் ஆணியும் வேணும். யாழ்ப்பாணத்தில கேட்ட கடையளில கிரிக்கெற் சப்பாத்தைத்தான் எடுத்துக் காட்டினம். கொழும்பில இருந்து மாசக் கடைசியில ஆரும் வாறியள் எண்டால் சொல்லுங்கோ.